கியூசி அக்காவின் பாகற்காய்

பாகற்காயைக் காதோரம் வைத்து ஒடித்துப் பார்க்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, நான்கு வருடம். என் வேனில், எனக்கு நேர் பின் இருக்கையில்.

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நாம் ஓவனில் செய்தோமே, சீஸ் போட்ட மொறுமொறு பாகற்காய், பூசணி, வெண்டைக்காய்! தட்டை மேசையில் வைப்பதற்குள் பாதி காணாமல் போய்விட்டது. சின்னவள் கேட்டாள், "அப்பா, இத யாருப்பா கண்டுபிடிச்சா?" என்று. அப்போது என் வாய் நிறைய பூசணி. பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் அம்மா திருத்திவிடுவார். ஆனால் விஷயத்தில் பிழை இருக்காது. எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

அப்போது நான் தொழிற்சாலை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கோலசிலாங்கூரில் புறப்பட்டு, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்து ஆராங் என்று தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ரவாங் போய்ச் சேர வேண்டும். பதினான்கு பேர். ஈஜோக் சந்திப்பில் ஏறுகிறவர்தான் நான் சொல்கிற அக்கா. தொழிற்சாலையில் அவருக்கு கியூசி வேலை, அதாவது தரம் பார்க்கிற வேலை. மின்சாதனத்துக்குள் வைக்கிற சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகள் வரிசையாக வரும். நல்லதை ஒருபக்கம், பழுதை ஒருபக்கம் பிரித்துப் போட வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவர் கியூசி அக்கா. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அக்காவுக்குக் காதுதான் எல்லாம். ஒருநாள் பத்து ஆராங் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது, "தம்பி, வேன நிறுத்துங்க" என்றார். "வலது பக்கம் முன்சக்கரத்துல ஏதோ ஆடுது."

"ஒண்ணும் இல்லக்கா, ரோடு சரியில்ல" என்றேன்.

"ரோடு ஆடாது தம்பி. எறங்கிப் பாருங்க."

இறங்கிப் பார்த்தால் சக்கரத்தில் இரண்டு நட்டு கழன்று தொங்குகிறது. அக்கா இறங்கக்கூட இல்லை. உள்ளே இருந்தபடியே, "முடுக்கிட்டு வாங்க, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார்.

கல்யாண வீட்டிலும் அப்படித்தான். ஒரு பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். அப்பளம் வந்தது. ஒடித்தார். சத்தம் வரவில்லை. பரிமாறியவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இது காலையில பொரிச்சதா? சட்டியோட மூடி வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இலை போட்டுச் சாப்பிடுகிற இடத்தில் இப்படிக் கேட்கலாமா என்று எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பந்திக்குப் புது அப்பளம் வந்தது. நொறுங்குகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இந்த அக்கா ஒருமுறை அதிர்ஷ்டக் குலுக்கலில் ஓவன் ஜெயித்தார். தொழிற்சாலையின் வருடாந்திர விருந்தில். ரொட்டி சுடுகிற சின்ன ஓவன், ஒரே ஒரு தட்டுதான் உள்ளே போகும். அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து!

எண்ணெய் இல்லாமல், மாவில் முக்காமல், காய்கறியை முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மகள் படிவம் ஐந்து படித்துக்கொண்டிருந்தாள். காய்கறி என்றால் முகம் திருப்புவாள், சீஸ் என்றால் ஓடி வருவாள். அப்படியென்றால் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டார். செய்ததையெல்லாம் வேனில் கொண்டு வந்து எங்களிடம் பரிசோதனை நடத்துவார். டப்பா திறக்கும் முன், "தம்பி, ரேடியோவ அடைங்க" என்பார். வேன் அமைதியாக வேண்டும். ஒரு துண்டைக் காதருகே வைத்து ஒடிப்பார். "டக்" என்று வந்தால் பாஸ். வராவிட்டால் டப்பாவை மூடிவிடுவார். நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் தர மாட்டார்.

முதல் தடவை, கடையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி விற்கிற சதுர சீஸ் வாங்கி வெண்டைக்காய் மேல் போட்டுச் சுட்டிருந்தார். அக்கா ஒடிக்கும் முன்பே சரசு பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். சரசு புக்கிட் ரோத்தானில் ஏறுகிற பெண், வேனுக்கே வாய் அவள்தான். மென்றாள், மென்றாள், ஈஜோக்கிலிருந்து பத்து ஆராங் வரை மென்றாள்.

"அக்கா, இது வெண்டைக்காயா, சப்பாத்து ரப்பரா? பல்லு கூடவே வருது லா!"

"அதான் ஒடிச்சுப் பாத்துட்டு தரேன்னு சொன்னேன்ல. உனக்கு அவசரம்."

"இப்ப யாரு எனக்குப் பல்லு வாங்கித் தருவா?"

வேனே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சின்ன நோட்டுப் புத்தகத்தில், 'சதுர சீஸ் உருகுது, காயாது' என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கட்டிச் சீஸ் வாங்கித் துருவினார். துருவியதை மூடாமல் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்தார். சீஸ் காய்ந்து உதிரி உதிரியாக ஆனது. அதோடு கொஞ்சம் அரிசி மாவு, ஓமம், இடித்த காய்ந்த மிளகாய். காயைத் தாள் மாதிரி மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, தண்ணீர் விட்டதும் பிழிந்து, துணியில் ஒற்றி எடுத்தார். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகப் படுக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. பாதி வெந்ததும் திருப்பிப் போட்டு, அப்போதுதான் சீஸைத் தூவினார். முதலிலேயே தூவினால் சீஸ் கருகும், காய் வேகாது.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, இதுதான் ரகசியம்! சுட்டு முடித்ததும் ஓவனை அணைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். "காய்க்குள்ள இருக்கிற தண்ணி ஆவியா வெளிய போகணும். அதுக்கு வழி விடலன்னா திரும்பக் காயிலேயே போயி உக்காந்துக்கும்" என்பார்.

அன்றைக்கு அவர் ரேடியோவை அடைக்கச் சொல்லி, பாகற்காயை ஒடித்தபோது கடைசி இருக்கை வரை கேட்டது. "டக்!" நான் வேன் ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினேன். கசப்பு முதலில் வரவில்லை. உப்பும் சீஸும் ஓமமும் வந்து, முறுகி நொறுங்கி, கடைசியில்தான் லேசாக ஒரு கசப்பு எட்டிப் பார்த்தது. அந்தக் கசப்புக்காகவே இன்னொன்று கேட்டது நாக்கு. பிறந்ததிலிருந்து பாகற்காயைத் தொடாதவன் நான். ரவாங் போய்ச் சேர்வதற்குள் டப்பா காலி!

சரசு ஒரு டப்பா வாங்கி சுங்கை செம்பிலாங்கில் இருக்கிற மாமியார் வீட்டுக்குக் கொண்டு போனாள். திங்கட்கிழமை வந்து, "மத்தியானமே நமத்துப் போச்சுக்கா" என்றாள். அக்கா காவல் நிலையத்தில் விசாரிப்பது மாதிரி விசாரித்தார். டப்பாவை எங்கே வைத்தாய்? யார் திறந்தார்கள்? எத்தனை தடவை? கடைசியில் உண்மை வந்தது. கடல் காற்று வருகிற சன்னலோரம், மூடி இல்லாமல்.

"கடலையே கூப்பிட்டு ஊட்டி விட்டிருக்க!" என்றார் அக்கா.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. அக்கா வேலை பார்த்த பிரிவை மொத்தமாக வேறு மாநிலத்துக்கு மாற்றப் போகிறார்கள். போகிறவர்கள் போகலாம், முடியாதவர்களுக்கு இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. மகளுக்கு அது எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதுகிற வருடம். நடுவில் பள்ளி மாற்ற முடியாது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அக்கா ஒருவர்தான். ஒரு வாரம் அவர் டப்பா கொண்டு வரவில்லை. ரேடியோ பாடிக்கொண்டே வந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவரே தமிழ்ப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்திருக்கிறார். சிற்றுண்டிச்சாலையில் ஒரு மேசை போட்டுக் காய்கறிப் பலகாரம் விற்கலாமா என்று கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் லேசில் நம்புகிறவர் இல்லை. "தட்டுல வெக்கிற காய் அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போகுதும்மா. பொரிச்சது நான் அனுமதிக்க மாட்டேன். நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி. நூத்தி நாப்பது பிள்ளைங்க. எல்லாருக்கும் கொண்டாங்க. அன்னிக்குக் குப்பைத் தொட்டிய நானே பாப்பேன்" என்றாராம்.

வேனில் இதைச் சொன்னபோது அக்காவின் கண் பளபளத்தது. எங்களுக்கும் சூடு பிடித்துவிட்டது! ஒருத்தி பாகற்காய் கொடுத்தாள், ஒருத்தி வீட்டு வேலியில் காய்த்த பூசணி. வெள்ளிக்கிழமை அக்கா விடுப்பு எடுத்துக் காலையிலிருந்து சுட்டார். வேலை முடிந்து சரசுவும் நானும் போனபோது வீடே சீஸ் வாசம். கையுறை, தலைக்கு வலை, மேசையில் பாக்கெட்டை ஒட்டுகிற சின்ன இயந்திரம். அக்காவின் கை என்ன வேகம்! ஓவனிலிருந்து தட்டு வரும், எண்ணிப் போடுவார், அழுத்துவார், ஒட்டிவிடும். அடுத்தது. அடுத்தது. நூற்று நாற்பது பாக்கெட், பொழுது சாய்வதற்குள் பெட்டியில் அடுக்கியாயிற்று.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பள்ளி மண்டபத்தில் இறக்கினோம். திடலில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வழக்கம்போல இருபதுக்கு ஒன்று எடுத்துப் பிரித்துப் பார்த்தார். முதல் பாக்கெட். காதருகே வைத்து ஒடித்தார்.

சத்தம் இல்லை. துண்டு ஒடியவும் இல்லை, வளைந்தது.

இன்னொன்று. இன்னொன்று. ஏழு பாக்கெட்டும் அப்படியே. உள்பக்கம் பனி பிடித்த மாதிரி ஈரம். அக்கா மெல்ல உட்கார்ந்தார்.

"சூடா இருக்கும்போதே ஒட்டிட்டேன் தம்பி" என்றார். "தொழிற்சாலை லைன்ல அப்படித்தான். பலகை வெளிய வந்த உடனே ஒட்டணும், தூசு படக்கூடாது. பதினேழு வருசம். கை தானா செஞ்சிருச்சு."

கதவிடுக்கில் கரண்டி சொருகி ஆவிக்கு வழி விட்டவர்தான்! எண்ணிக்கை ஏற ஏற அந்தப் பத்து நிமிடத்தையும் குறைத்து, மிச்ச ஆவியைப் பையில் பூட்டிவிட்டார்.

தலைமையாசிரியர் வந்தார். ஒரு துண்டைத் தின்று பார்த்தார். "ருசி நல்லாத்தானம்மா இருக்கு. குடுங்க, பிள்ளைங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தலையாட்டுங்கக்கா, தலையாட்டிவிடுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். அந்த மேசை கிடைக்காவிட்டால் அவருக்கு என்ன கதி?

அக்கா எழுந்து நின்றார். "சார், இது பெயில். என் தப்பு. நமத்த பாகக்காய முதல்ல கடிச்ச பிள்ளை, ஜென்மத்துக்கும் பாகக்காயத் தொடாது. நான் குடுக்க மாட்டேன்."

"அப்ப இன்னிக்கு?"

"ஒரு பிளக் குடுங்க சார். திருப்பிச் சூடு காட்டினா முறுகும். முறுகினத மட்டும் குடுக்கறேன். எத்தனை ஆகுதோ அத்தனை."

அப்புறம் நான் ஓட்டிய ஓட்டம்! அக்கா வீட்டு ஓவனை அள்ளி வந்தேன். சரசுவை ஏற்றிக்கொண்டு புக்கிட் ரோத்தான் பறந்து அவள் ஓவனையும் தூக்கி வந்தேன். அவள் மடியில் ஓவன், ஓவனுக்குள்ளே அவள் பிள்ளையின் ரொட்டி ஒன்று காய்ந்து கிடந்தது. இரண்டு ஓவனையும் மண்டபத்தில் ஒரே சுவர் பிளக்கில் செருகினோம். திருகினோம். டப்!

விளக்கு போச்சு. காற்றாடி போச்சு. திடலில் "நூறு மீட்டர் ஓட்டம், ஆண்டு ஒன்று மாண..." என்று பேசிக்கொண்டிருந்த மைக்கும் போச்சு. தலைமையாசிரியர் கையைக் குவித்துக்கொண்டு கத்தி அறிவித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். பள்ளித் தோட்டக்காரர் ஓடிப்போய் மின்பெட்டியில் விசையை ஏற்றிவிட்டார். சரசுவின் ஓவனை ஆசிரியர் அறைக்கு மாற்றினோம். அங்கே தாங்கியது.

ஒரு தடவைக்கு நாலு பாக்கெட்தான் பரப்பலாம். சூடு காட்டி, கதவு திறந்து, ஆற விட்டு, ஒடித்துப் பார்த்து, காகிதக் கூம்பில் போட்டு நீட்ட வேண்டும். மண்டபத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் நடுவே நான் தட்டோடு ஓடினேன். முதலில் ஓடி முடித்த ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவன் சந்தேகமாகப் பார்த்து, பூசணியைக் கடித்தான். நொறுங்கியது! பக்கத்தில் இருந்தவன் திரும்பினான். அவனும் கடித்தான். அவ்வளவுதான், சீஸ் வாசம் வேறு திடலுக்குப் போய்விட்டது, வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கடிக்கிற சத்தம், தகரக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி. அக்கா ஒரு நொடி கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு குனிந்து அடுத்த தட்டைப் பார்த்தார்.

பத்தரை மணிக்குப் பரிசளிப்பு. நடுவில் மறுபடி மைக் போய்விடக் கூடாது, இரண்டு ஓவனையும் அணையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எழுபது பேருக்குத்தான் கொடுத்திருந்தோம். சரிபாதி! மீதி எழுபது பாக்கெட் நமத்தபடி பெட்டியில் கிடந்தது. தலைமையாசிரியர் ஒரு குச்சியோடு போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்ப்பதை நான் சன்னல் வழியே பார்த்தேன். வாழைப்பழத் தோல், பானப் பெட்டி. பிறகு எங்கள் பக்கம் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது கேட்ட இடத்தில் எழுபது. சொன்ன வாக்கு பாதிதானே?

அப்போது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். அஞ்சல் ஓட்டம் முடித்து நேரே வருகிறாள்.

"அக்கா, எங்களுக்கு?"

"முடிஞ்சிருச்சும்மா."

"முடிஞ்சிருச்சா! ஒன்னாம் ஆண்டு பசங்க எல்லாம் தின்னுட்டு வந்து எங்ககிட்ட சீஸ் வாசம் வர வாய ஊதிக் காட்டுறாங்க. நாங்க நானூறு மீட்டர் ஓடியிருக்கோம்." பெட்டியை எட்டிப் பார்த்தாள். "இது என்ன? இவ்வளவு இருக்கு?"

"அது பெயில். தர மாட்டேன்."

"பரவால்லக்கா, குடுங்க லா."

"மாட்டேன்."

"அப்ப எப்பதான் குடுப்பீங்க?"

"திங்கக்கிழமை வா" என்றார் அக்கா.

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். எதையும் ஒடித்துப் பார்க்காமல் சொல்லாதவர், யாரும் தராத மேசைக்கு நாள் குறித்துவிட்டார். சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தோம்.

அவர் குச்சியைச் சுவரில் சாய்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அவங்களே நாள் சொல்லிட்டாங்க. இனி நான் என்னத்தச் சொல்றது?" என்றார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கும்மா கதவத் திறந்து வெக்கணும்?"

அக்கா கையுறையைப் பைக்குள் செருகினார். "ஆறு மணிக்கு, சார்" என்றார்.

சரசு கூவிய கூவலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் காலித் தட்டைத் தட்டித் தாளம் போட்டேன். அந்தப் பெண் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "ஆறாம் ஆண்டுக்குத்தான் முதல்ல!" என்று சொல்லிவிட்டுப் பரிசு வாங்க ஓடினாள்.